அழுகை வராமல் அடைத்துக்கொண்டவர்களுக்கு: ஒரு படம் பார்த்து மனதை இறக்கிவைப்பது எப்படி

அப்பா இறந்து ஏழு மாதம் வரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஐஸ் பெட்டி வந்தது, மறுநாள் மதியத்துக்குள் தகன மேடையில் எல்லாம் முடிந்தது, பதினாறாம் நாள் காரியமும் ஆயிற்று, அப்புறம் கும்பகோணத்து வீட்டை விற்றோம். எல்லாவற்றுக்கும் ஓடியது நான்தான். "தைரியமான பொண்ணு" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உள்ளே எப்படி அடைத்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், தொண்டையில் ஏதோ உருண்டையாக நிற்கும், பிள்ளைகள் தண்ணீர் கேட்டால்கூட எரிந்து விழுவேன்.

அந்த அடைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உடைந்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை தப்பான படத்தை, தப்பான நேரத்தில் பார்த்து, ஒரு முறை வாந்தியெடுத்து, மூன்று நாள் முன்பைவிட மோசமாக இருந்தேன். "ஒரு நல்ல படம் பாரு, மனசு லேசாகும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. நான் தடுமாறிக் கற்றுக்கொண்டதைப் படிப்படியாக எழுதிவைக்கிறேன். இது மருத்துவம் இல்லை. துக்கத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

1. இப்போது பார்க்கலாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டில் சாவு நடந்த முதல் சில வாரங்களில் இதைத் தொடாதீர்கள். அந்த நாட்களில் மனதுக்கு வேலையே வேறு. 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், இறப்புச் சான்றிதழை நகலெடுத்து வைக்க வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டும், வங்கியில் நாமினி படிவம், ஓய்வூதியம், கேஸ் இணைப்பு, மின் இணைப்புப் பெயர் மாற்றம் என்று வரிசையாக வரும். என் முதல் முயற்சி வீணானதற்குப் பாதிக் காரணம் இதுதான். மறுநாள் காலை அசல் ஆவணங்களோடு ஓர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது. திரையில் ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார், நானோ அப்பாவின் ஆதார் நகலை எடுத்து வைத்தோமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே முக்கியமான காகிதங்கள் எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும். முழுவதும் முடியக் காத்திருக்க வேண்டாம், அது ஒரு வருடம் இழுக்கும். இருப்பவற்றை ஒரே ஃபைலில் போட்டுக் கட்டி, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். படம் பார்க்கும் நாளுக்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் எந்த அலுவலக வேலையும் இருக்கக் கூடாது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது, சில நாட்களாகத் தூக்கமே இல்லை, குடியை நிறுத்த முடியவில்லை, விபத்தையோ தற்கொலையையோ நேரில் பார்த்த காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் படம் வேண்டாம். 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இருக்கும், இலவசம், தமிழில் பேசலாம். படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2. உங்கள் துக்கம் எந்த வகை என்று ஒரு தாளில் எழுதுங்கள்

நான் இரண்டு முறை தப்பான படத்தை எடுத்தது ஏனென்றால் எனக்கு எதற்கு வலிக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. அப்பா செத்ததற்கு என்றுதான் நினைத்திருந்தேன். அது மட்டுமில்லை என்று பிறகு புரிந்தது.

இந்த இடத்தில் எனக்கு உதவியது தொல்காப்பியம். கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது, பதினைந்து வருடம் கழித்துப் பயன்பட்டது. உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல் பகுதியில் அழுகைக்கு நான்கு காரணம் சொல்லியிருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒரு தாளை நான்காக மடித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்.

இளிவு என்பது மற்றவர்களால் இகழப்பட்டுச் சிறுத்துப்போனது. வேலையிடத்தில் எல்லோர் முன்னாலும் திட்டியது, சாதியைச் சொல்லி ஒதுக்கியது, கல்யாண வீட்டில் பின்வரிசைக்குப் போகச் சொன்னது.

இழவு தெரிந்ததுதான். ஆளை இழப்பது. பிரிந்துபோன காதல், கலைந்த கருவுக்கும் இதே கட்டம்தான். அவற்றுக்கெல்லாம் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை என்பதால் அவை உள்ளேயே தங்கிவிடும்.

அசைவு என்றால் முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்து வருந்துவது. ஊரைவிட்டு வந்தது, வீட்டை விற்றது, ஓய்வுபெற்றது, நோயில் உடம்பு தளர்ந்தது.

வறுமை, பணம் இல்லாதது மட்டுமில்லை. அனுபவிக்க ஆசைப்பட்டு கடைசிவரை கிடைக்காமலே போனதற்கான ஏக்கமும் அதில் அடங்கும். படிக்க விரும்பியும் படிக்க முடியாமல் போனவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் மனதில் தோன்றுவதை இரண்டு மூன்று சொல்லில் எழுதுங்கள். யோசித்து எழுத வேண்டாம், பத்து நிமிடம் போதும். எந்தக் கட்டம் நிரம்பி வழிகிறதோ அதுதான் உங்கள் கட்டம். என் தாளில் இழவு என்ற கட்டத்தில் "அப்பா" என்ற ஒரே சொல் இருந்தது. அசைவு என்ற கட்டத்தில் திண்ணை, கொல்லைக் கிணறு, அப்பாவின் டிவிஎஸ் 50, வாசல் விளக்கு, கதவுச் சாவி என்று இடம் போதாமல் பின்பக்கம் வரை போயிருந்தது.

3. படம்: பக்கத்தில் இருக்கட்டும், ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்

நிறைய பேர் வழுக்கி விழும் இடம் இது. நான் முதலில் எடுத்தது, ஆஸ்பத்திரியில் ஒரு அப்பா இறக்கும் படம். என் அப்பாவும் ஐசியுவில்தான் போனார். இருபதாவது நிமிடத்தில் அந்த மானிட்டர் சத்தம் வந்ததும் கை நடுங்கி, எழுந்து ஓடி வாந்தியெடுத்தேன். அதில் அழுகை கிடையாது, பயம் மட்டும்தான். இரண்டாவது முறை, அதற்குப் பயந்து, எல்லோரும் அழுததாகச் சொன்ன ஒரு வெளிநாட்டுக் காதல் படம். நல்ல படம், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கடைசிவரை சுவரைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன்.

ஊரில் ஒப்பாரி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அடுத்த தெருவில் யாரோ ஒருவருக்கு இழவு விழுந்தால், கட்டிக்கொண்டு அழும் பெண்களில் பாதிப் பேர் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. எப்போதோ போன தன் மகனுக்காக, தன் புருஷனுக்காக, அண்ணன் வீட்டில் பட்ட அவமானத்துக்காக அழுவார்கள். தன் வீட்டு இழவில் வராத அழுகை அடுத்த வீட்டு இழவில் வரும். படமும் அப்படி ஓர் அடுத்த வீடு. ரொம்பத் தூரத்து வீடாக இருந்தால் நமக்கு ஒட்டாது, நம் வீடே என்றால் தாங்காது.

எனக்கு அந்த வீடாக அமைந்தது 2024-ல் வந்த மெய்யழகன், பிரேம்குமார் இயக்கியது. அதில் அப்பா சாவதில்லை. சொத்துத் தகராறில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டைவிட்டுக் கிளம்பிய குடும்பம், 22 வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வரும் அருள்மொழி, பெயர்கூட நினைவுக்கு வராத ஒரு சொந்தக்காரர் காட்டும் அன்பு, அவ்வளவுதான் கதை. வீட்டைவிட்டு வரும்போது அவர்கள் விட்டுவிட்டு வந்த ஒரு பழைய சைக்கிள், அந்தச் சொந்தக்காரர் குடும்பத்தை எப்படித் தூக்கிவிட்டது என்று அவர் சொல்லும்போது எனக்கு உடைந்தது. வீடு விற்ற வாரத்தில் அப்பாவின் டிவிஎஸ் 50-ஐ, இருபத்திரண்டு வருடம் அவர் ஓட்டிய வண்டியை, 2,500 ரூபாய்க்கு ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்திருந்தேன்.

உங்களுக்கு அதே படம் வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கட்டத்துக்குப் பொருந்துவதைத் தேடுங்கள். இளிவு என்றால் மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள், ஆனால் அந்தப் படத்தில் நடப்பது உங்களுக்கே நேர்ந்திருந்தால் முதல் தடவை தனியாகப் பார்க்காதீர்கள், என் முதல் அனுபவம்தான் நேரும். வறுமைக்கு 1948-ல் வந்த இத்தாலியப் படம் பைசைக்கிள் தீவ்ஸ். ஒன்றரை மணி நேரம்தான், வேலைக்குத் தேவையான சைக்கிளைப் பறிகொடுத்துவிட்டு ரோம் நகரில் மகனோடு தேடி அலையும் ஒரு தகப்பனின் கதை. தாத்தா பாட்டியை இழந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க 2017-ல் வந்த கோகோ நல்லது. இறந்தவர்களின் படத்தை வைத்துப் படையல் போடும் மெக்சிகோ நாட்டு வழக்கத்தை வைத்து எடுத்தது, நம் வீட்டுப் படையலோடு பிள்ளைகளே ஒப்பிட்டுப் பேசுவார்கள்.

தேர்வு செய்யும்போது இன்னும் சில:

ஓடிடியில் படம் தொடங்கும்போது திரையின் ஓரத்தில் வயது வரம்போடு சேர்த்து வன்முறை, தற்கொலை என்று சில சொற்கள் வரும். அதைத் தவறாமல் படியுங்கள். உங்களுக்கு நடந்தது அந்தப் பட்டியலில் இருந்தால் வேறு படம் பாருங்கள்.

கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் தப்பில்லை. திடீர்த் திருப்பத்துக்காக நாம் பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்த படமாக இருந்தால் இன்னும் நல்லது, எங்கே என்ன வரும் என்று உடம்புக்குத் தெரியும்.

யாருமே மீளாமல் முடியும் படத்தை முதல் முறைக்கு எடுக்காதீர்கள். கடைசியில் ஒரு கையாவது நீட்டப்பட வேண்டும்.

4. நாளும் நேரமும்

நேரத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதிலேயே பெரிய விஷயம் இது. நெதர்லாந்தில் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு உருக்கமான படங்களைப் போட்டுக்காட்டி, அதன் முடிவை 2015-ல் வெளியிட்டார்கள். படம் முடிந்த உடனே கேட்டபோது, அழுதவர்களின் மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது. 20 நிமிடம் கழித்துப் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன்பிருந்ததைவிட மேலாக இருந்தது. அழாதவர்களிடம் இப்படி ஏற்ற இறக்கம் தெரியவில்லை.

அதாவது படம் முடிந்ததும் "ஐயோ, இன்னும் கஷ்டமாயிருச்சே" என்று தோன்றுவது இயல்பு. அங்கேயே நிறுத்திவிட்டால் அந்தக் கஷ்டத்தோடு படுக்கப் போவீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் படம் போடுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் முடியவே பன்னிரண்டு மணி ஆகும், அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் யார் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே படத்தின் நீளத்தோடு ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டி, படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நான் ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் தொடங்கினேன். நீளத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மெய்யழகன் திரையரங்குக்கு வந்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்து, பிறகு 18 நிமிடம் போலக் குறைக்கப்பட்ட படம். நினைவு நாளன்று வேண்டாம். அதற்கு முந்தைய வாரமோ பிந்தைய வாரமோ வைத்துக்கொள்ளுங்கள்.

5. செலவு

பெரிய செலவு இல்லை, ஆனால் பணம் வீணாகும் ஓட்டைகள் உண்டு.

ஓடிடியில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் நான் எடுத்தபோது மொபைலில் மட்டும் பார்க்கும் திட்டம் 149 ரூபாய், டிவியிலும் பார்க்கலாம் என்றால் 199. ஐம்பது ரூபாய் பார்க்காமல் 199 எடுங்கள். சின்னத் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தால் நடுவில் வாட்ஸ்அப் வந்து நிற்கும். பணம் கட்டிய அன்றைக்கே யுபிஐ செயலியில் தானாகக் கழியும் அனுமதியை நீக்கிவிடுங்கள், நீக்கினாலும் அந்த மாதம் முடியும்வரை பார்க்கலாம். நான் நீக்காமல் விட்டு நான்கு மாதம் பணம் போனது.

விளம்பரத்தோடு வரும் இலவச இடங்களில் இந்த மாதிரிப் படத்தைப் பார்க்காதீர்கள். தொண்டை அடைத்து நிற்கும் நொடியில் சோப்புத்தூள் விளம்பரம் வந்தால் வந்த அழுகை உள்ளே போய்விடும், மறுபடி வராது.

இணையம்: வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் கவனிக்க வேண்டியது. நல்ல தெளிவில் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை, சாதாரணத் தெளிவில் 1 ஜிபி வரை போகும். தினம் ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜ் வைத்திருந்தால் உச்சக்காட்சிக்கு முன்னால் சுற்றிக்கொண்டே நிற்கும். முந்தைய நாளே வைஃபை உள்ள இடத்தில் பதிவிறக்கி வையுங்கள்.

திரையரங்கு என்றால், சென்னையின் பெரிய மால்களில் டிக்கெட் 190 ரூபாய் அளவில் ஆகும், இணையத்தில் பதிவு செய்தால் அதற்குக் கட்டணம் தனி. வார நாள் காலைக் காட்சி, ஓர இருக்கை. இருட்டும், தெரியாதவர்கள் மூக்கை உறிஞ்சும் சத்தமும் சிலருக்கு வீட்டைவிட நல்ல துணை. வெளியே வந்ததும் வெயிலும் பார்க்கிங் டோக்கனும் உங்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் குறை. அப்படிப் போனால் வண்டியை உடனே எடுக்காமல், ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள்.

6. வீட்டில் நாலரை மணி நேரம் வாங்குவது

பெண்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். கூடத்தில் டிவி, நடுவில் குக்கர், மாமியாருக்குக் காபி, பிள்ளைக்கு ப்ராஜெக்ட். அழுதால், "என்னாச்சு, யாரு என்ன சொன்னாங்க?" என்று வீடே கூடிவிடும்.

முன்கூட்டியே சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி. நான் வெள்ளிக்கிழமையே என் கணவரிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை மூணு மணியிலேருந்து ஏழரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. அப்பாவுக்காக ஒரு படம் பாக்கப்போறேன். அழுவேன். அழுதா வந்து சமாதானம் பண்ண வேண்டாம்." அவருக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு பிள்ளைகளை அவர் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமியாரிடம் "தலைவலி, படுக்கிறேன்" என்று பொய் சொல்ல நினைத்தேன், வேண்டாம் என்று உண்மையையே சொன்னேன். "எங்கம்மா செத்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவரே கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கூட யாராவது வேண்டுமா என்றால், அதே இழப்பில் பங்குள்ள ஒருவர் இருந்தால் சேர்ந்து பாருங்கள். அவர் நடுவில் பேசுகிறவராக, போனைப் பார்க்கிறவராக, "இதுக்கெல்லாம் அழுவியா" என்று கேட்கிறவராக இருந்தால் தனியாகப் பார்ப்பதே மேல்.

கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டியவை: ஒரு துண்டு (டிஷ்யூ போதாது), ஒரு செம்புத் தண்ணீர், நோட்டும் பேனாவும். போன் மட்டும் சைலண்டில் அடுத்த அறையில் இருக்கட்டும். மதியம் லேசாகச் சாப்பிட்டிருங்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் முதல் அரை மணியில் தூங்கிவிடுவீர்கள்.

7. படம் ஓடும்போது

அழ வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கதையைப் பாருங்கள், போதும். வருகிற இடம் நீங்கள் நினைத்த இடமாக இருக்காது. பெரிய சோகக் காட்சியைக் கல் மாதிரி பார்த்துவிட்டு, யாரோ ஒருவர் இன்னொருவருக்கு இட்லி எடுத்து வைக்கும்போது உடைவீர்கள்.

வந்தால் விடுங்கள். சத்தம் வந்தால் வரட்டும், துண்டை வாயில் திணிக்க வேண்டாம். வசனம் காதில் விழாத அளவுக்கு வந்தால் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு அழுங்கள், அதற்காகப் போனை எடுக்காதீர்கள். அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டித் திரும்ப அழவும் முயற்சிக்காதீர்கள். நான் செய்தேன், இரண்டாவது முறை வெறும் தலைவலிதான் மிஞ்சியது.

அழுகையையும் பயத்தையும் பிரித்துப் பாருங்கள். அழுகையில் தோள் தளரும், மூச்சு விட்டுவிட்டு நீளும். பயத்தில் நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், அறையைவிட்டு ஓடத் தோன்றும். இரண்டாவது வந்தால் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடங்கினால் தொடரலாம், இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். பாதியில் நிறுத்துவதால் எந்த நஷ்டமும் இல்லை.

8. படம் முடிந்த பிறகு ஒன்றரை மணி நேரம்

ஓடிடி செயலியில் ஒரு பொறி இருக்கிறது. பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே அதைச் சின்னதாக்கிவிட்டு வேறொரு படத்தின் முன்னோட்டத்தைச் சத்தமாகப் போட்டுவிடும். அமைப்புகளில் தானாக அடுத்ததை ஓட்டும் வசதியை முன்பே அணைத்து வையுங்கள். பெயர்கள் முழுவதும் ஓடட்டும்.

அப்புறம் முகம் கழுவி, தண்ணீரோ மோரோ நிறையக் குடியுங்கள். அழுதபின் வரும் தலைவலி பாதி குறையும். இருபது நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். மாடிக்குப் போய் நில்லுங்கள், முடிந்தால் தெருமுனை வரை நடங்கள். படத்தின் விமர்சனத்தையோ மீம்களையோ தேடாதீர்கள், யாரோ ஒருவர் "ஓவர் சென்டிமென்ட்" என்று எழுதியிருப்பார், அது அன்றைக்கு உங்களைக் குத்தும்.

பிறகு ஒருவரிடம் பேசுங்கள். முன்கூட்டியே ஆளைச் சொல்லி வையுங்கள். நான் என் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன், "ஆறரைக்குப் போன் பண்ணுவேன்டா, அறிவுரை சொல்லாத, கேட்டுட்டு மட்டும் இரு" என்று. அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குளிர்சாதனப் பெட்டி வேலையென்று வெளிமாநிலத்தில் இருந்தவன், காரியம் முடிந்த மறுநாளே ரயிலேறியவன், அவனும் அதுவரை அழவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றிரவு எந்த முடிவும் எடுக்காதீர்கள். விலகிப்போன உறவுக்கு நீண்ட மெசேஜ் எழுதத் தோன்றும். நோட்டில் எழுதுங்கள், அனுப்ப வேண்டுமா என்று மூன்று நாள் கழித்துப் பாருங்கள்.

9. அடுத்த நான்கு நாள்

அழுததோடு விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தங்கள் மனதை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே மனம் கனத்தது, ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப்போனது குறைந்தது. நான் அந்த முறையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள், எந்தக் காட்சியில் உடைந்தீர்களோ அதை எழுதுங்கள். இரண்டாம் நாள், அந்தக் காட்சி உங்கள் வாழ்க்கையின் எந்த நாளை இழுத்துக்கொண்டு வந்தது என்று எழுதுங்கள். மூன்றாம் நாள், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை, இறந்தவருக்கோ பிரிந்தவருக்கோ நேரில் சொல்வது போல எழுதுங்கள். நான்காம் நாள், இப்போது செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள், யாரிடமும் காட்டாதீர்கள், பிள்ளைகள் கையில் படாத இடத்தில் வையுங்கள்.

என் நான்காம் நாள் காரியம் அந்த மெக்கானிக்குக்குப் போன் செய்வது. வண்டியைப் பிரித்துப் பாகம் பாகமாகப் போட்டுவிட்டதாகச் சொன்னார். "சீட்டு மட்டும் நல்லா இருந்துச்சுக்கா, வேற வண்டிக்குப் போட்டேன், ஓடுது" என்றார். யார் வண்டி என்று நான் கேட்கவில்லை. அதற்கே எனக்கு அரை மணி நேரம் அழுகை வந்தது, ஆனால் தொண்டையில் உருண்டை இல்லை.

10. வேலை செய்யவில்லை என்றால்

ஒரு படத்தில் வராவிட்டால் அடுத்த நாளே இன்னொன்று என்று அடுக்காதீர்கள். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். தாளை மறுபடி எடுத்துக் கட்டத்தை மாற்றிப் பாருங்கள். மூன்று முறைக்கு மேல் நான் முயலச் சொல்ல மாட்டேன்.

தூக்கம், பசி, வேலையில் நாட்டம் மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டே கிடந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிகளுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள், ஆதார் அட்டையும், ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டும் எடுத்துப்போங்கள். அந்த நான்கு கட்டத் தாளையும் மடித்து எடுத்துப்போங்கள். "என்ன பிரச்சினை" என்று கேட்டால் வாய் வராது, தாளை நீட்டலாம்.

11. வயதானவர்களோடு பார்ப்பதாக இருந்தால்

அப்பாவின் தலைத்திவசத்துக்குப் பத்து நாள் முன்னால் அம்மாவோடு அதே படத்தை மறுபடி பார்த்தேன். இதற்குச் சில மாற்றங்கள் தேவை. மதியத் தூக்கம் முடிந்தபின் தொடங்குங்கள். பிரஷர் மாத்திரை வேளை தவறக் கூடாது. இடைவேளையில் நிறுத்தி, பாத்ரூம் போய்வந்து, காபி கொடுத்துவிட்டு மீதியைப் போடுங்கள். காது மந்தமானவர்களுக்குத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நாற்காலி போடுங்கள். வேற்றுமொழிப் படமானால் தமிழில் குரல் கொடுத்ததையே போடுங்கள், திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படிப்பது வயதான கண்ணுக்குச் சிரமம். முன்கூட்டியே அவரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

நான் அழுத இடத்தில் அம்மா அழவில்லை. ஆரம்பத்திலேயே, குடும்பம் ராத்திரியில் வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில் முந்தானையை எடுத்தவர், இடைவேளைவரை விடவில்லை. படம் முடிந்ததும் பேச ஆரம்பித்தார். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் முதல் முறை நுழைந்தபோது நிலைப்படி தலையில் இடித்தது, அப்பா டிவிஎஸ் 50 வாங்கிய அன்று அவரைப் பின்னால் உட்காரவைத்து மகாமகக் குளத்தைச் சுற்றி ஓட்டிக்காட்டியது, எதுவும் நான் கேட்டதில்லை. ஆகவே அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்துவிடுங்கள். எட்டரை மணி வரைக்கும் நடுவில் எழுந்திருக்க முடியாது.